எடிட்டிங் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழைய பதிப்பைக் கையில் வைத்திருப்பது எப்படி?

வீடியோ எடிட்டிங் சொல்லித்தருகிறவர்கள் வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் சேர்ப்பது, ஒலியைச் சீர் செய்வது என எல்லாவற்றையும் சொல்லித்தருகிறார்கள். மென்பொருளை எப்போது புதுப்பிக்கலாம், எப்போது தொடவே கூடாது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. புதிதாக வந்தவர் 'அப்டேட்' என்ற பொத்தானைப் பார்த்தவுடன் அழுத்திவிடுகிறார். கைப்பேசியில் அப்படிச் செய்துதான் பழக்கம். பாதி முடிந்த திருமணப் படமோ குறும்படமோ கணினியில் இருக்கும்போது அந்த ஓர் அழுத்தம் பெரிய தலைவலியாக முடியக்கூடும்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. மென்பொருளை எப்படியாவது பின்னுக்குக் கொண்டுபோய்விடலாம். அழித்துவிட்டுப் பழையதை மீண்டும் நிறுவினால் போதும். உங்கள் எடிட் விவரங்கள் இருக்கும் ப்ராஜெக்ட் கோப்பைப் பின்னுக்குக் கொண்டுபோவது மிகக் கடினம். பழைய பதிப்பில் செய்த வேலையைப் புதிய பதிப்பு திறக்கும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காது. அடோபி பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் ப்ரோ மூன்றுமே இப்படித்தான். ஆகவே, ஒரு வேலையை எந்தப் பதிப்பில் தொடங்கினீர்களோ அதே பதிப்பில் முடித்துக் கொடுங்கள். கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அதற்கு வசதி செய்துகொள்ளத்தான்.

பெரிய மாற்றமா, சிறிய மாற்றமா?

புதுப்பித்தலில் இரண்டு வகை உண்டு. பிரீமியர் ப்ரோவில் 2023-லிருந்து 2024-க்குப் போவது, அதாவது 23-லிருந்து 24-க்குப் போவது, பெரிய மாற்றம். 24.1-லிருந்து 24.2-க்குப் போவது சிறிய மாற்றம். பிரீமியரின் பெரிய பதிப்புகள் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும். ஒன்று இன்னொன்றைத் தொந்தரவு செய்யாமல் தனித்தனிக் கோப்புறையில் அமர்ந்துகொள்ளும். சிறிய மாற்றமோ முன்பிருந்ததன் மேலேயே எழுதிவிடும். 24.1-உம் 24.2-உம் சேர்ந்து இருக்க வழியில்லை. 'சிறிய அப்டேட்தானே' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். படத்தை ஒப்படைக்கும் வாரத்தில் சிறிய அப்டேட்டும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை அந்த வாரத்தில் மாற்றுவதால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லை.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால், விண்டோஸில் பிரீமியரின் ஹெல்ப் பட்டியலுக்குள் 'அபவுட்' என்பதைத் திறந்து பாருங்கள். மேக்கில் அது மென்பொருளின் பெயர் உள்ள முதல் பட்டியலில் இருக்கும். அந்த எண்ணை ப்ராஜெக்ட் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுவது நல்ல பழக்கம். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒரு பெயரைத் திருத்தக் கேட்டு வரும்போது, எந்தப் பதிப்பைத் திறக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

பிரீமியர் ப்ரோ: முதலில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள்

அடோபி மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கிரியேட்டிவ் கிளவுட் செயலியைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'ஆட்டோ அப்டேட்' என்ற பொத்தான் இருக்கும். மொத்தமாக அணைத்துவிடலாம், அல்லது ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக முடிவு செய்யலாம். எடிட்டிங் வேலையில் இருப்பவர் பிரீமியர், அசையும் கிராஃபிக்ஸ் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், வீடியோவை ஏற்றுமதி செய்யும் மீடியா என்கோடர் மூன்றுக்கும் சேர்த்து அணைக்க வேண்டும். ஏன் மூன்றுக்கும் என்பது சற்று நேரத்தில் புரியும்.

அடுத்து, புதிய பெரிய பதிப்பை நிறுவ நீங்களே முடிவு செய்யும் நாள். அப்டேட் பொத்தானை அழுத்தியதும் வரும் சிறு சாளரத்தை நிதானமாகப் படியுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். பழைய பதிப்புகளை நீக்கலாமா என்று கேட்பது ஒன்று. பழைய அமைப்புகளையும் விருப்பங்களையும் புதியதற்குக் கொண்டுவரலாமா என்று கேட்பது இன்னொன்று. முதல் கட்டத்தில் குறி இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அந்தக் குறியைக் கவனிக்காததால்தான் பலருடைய பழைய பதிப்பு காணாமல் போகிறது. தானாகப் புதுப்பிப்பதை அணைக்காமல் வைத்திருந்தால், அதற்கான அமைப்பிலும் இதே கேள்விகள் இருக்கின்றன, அங்கேயும் பாருங்கள்.

இரண்டாவது கட்டம் உங்கள் விருப்பம். பழைய அமைப்புகளோடு பழைய சிக்கல்களும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் புதிய பதிப்பைச் சுத்தமாகத் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இழக்க மனம் வராதது உங்கள் விசைப்பலகைக் குறுக்குவழிகள்தான். அவை டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில், அடோபி, அதற்குள் பிரீமியர் ப்ரோ, அதற்குள் பதிப்பு எண், அதற்குள் உங்கள் பெயர் கொண்ட புரொஃபைல், அதற்குள் 'வின்' அல்லது 'மேக்' என்று போனால் 'கேஒய்எஸ்' என்று முடியும் கோப்பாக இருக்கும். அதைப் புதிய பதிப்பின் அதே இடத்தில் நகலெடுத்து வைத்தால் போதும்.

பழையது ஏற்கெனவே நீங்கிவிட்டதா? கிரியேட்டிவ் கிளவுடில் பிரீமியரின் பெயருக்கு அருகே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'அதர் வெர்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய பதிப்பு அங்கே கிடைக்கும். ஆனால் எல்லாப் பதிப்புகளும் கிடைக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. கிரியேட்டிவ் கிளவுட் மென்பொருள்களில் கடைசி இரண்டு பெரிய பதிப்புகளை மட்டுமே பதிவிறக்கத் தருவதாக அடோபி 2019 மே மாதம் அறிவித்தது. அதாவது, ஒரு படி பின்னே போகலாம். மூன்று படி பின்னே போக முடியாது. அதற்காக எங்கோ ஒரு தளத்தில் கிடைக்கும் திருட்டுப் பழைய பிரதியைத் தேடிப் போகாதீர்கள். உரிமச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் என்ன நுழைகிறது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு பதிப்புகளும் இருக்கும்போது

இரண்டையும் நிறுவியபின் ஒரு பொறி காத்திருக்கிறது. ப்ராஜெக்ட் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெரும்பாலும் புதிய பதிப்புதான் விழித்துக்கொள்ளும். பழைய வேலையை 'ஏதோ கேட்கிறதே' என்று ஓகே கொடுத்துத் திறந்து, அன்று முழுவதும் புதியதில் எடிட் செய்துவிடுகிறவர்கள் உண்டு. இதைத் தவிர்க்க ஒரே வழி, முதலில் பழைய பதிப்பைத் திறந்து, பிறகு அதன் ஃபைல் பட்டியல் வழியாக ப்ராஜெக்ட்டைத் திறப்பது. டாஸ்க்பாரிலோ டாக்கிலோ இரண்டு பதிப்புகளின் சின்னங்களையும் பதித்து வைத்துக்கொண்டால் இது விரைவில் கைப்பழக்கமாகிவிடும்.

பழைய ப்ராஜெக்ட்டைப் புதிய பதிப்பில் திறந்தால், அது மாற்றப்பட வேண்டும் என்ற அறிவிப்பு வரும். பிரீமியர் மூலக் கோப்பை அழிப்பதில்லை. பெயரின் பின்னே ஓர் எண்ணைச் சேர்த்துப் புதிய நகலை உருவாக்குகிறது. இதனால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் மூலக் கோப்பு அந்த நிமிடத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வெட்டும் புதிய கோப்பில் மட்டுமே சேர்கிறது. பத்து நாள் கழித்துப் பழையதற்குத் திரும்ப நினைத்தால், கையில் இருப்பது பத்து நாளுக்கு முந்தைய படம்.

மூன்று மென்பொருள்களையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். பிரீமியர் தன் வேலையை மீடியா என்கோடருக்கு அனுப்புவதும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் காட்சிகளை நேரடியாக இணைத்துக் காட்டுவதும் அதே ஆண்டுப் பதிப்புகளுக்கு இடையே நடப்பவை. பிரீமியர் 2023-ஐ வைத்துக்கொண்டு மீடியா என்கோடர் 2023-ஐ நீக்கிவிட்டால், 'க்யூ' பொத்தான் அழுத்தியும் பயன் இருக்காது. பழையதை வைத்திருப்பதென்றால் முழுக் குடும்பத்தையும் வைத்திருங்கள். வட்டில் சில ஜிபி கூடுதலாகப் போகும், போகட்டும்.

இன்னொன்று, மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகளான பிளக்-இன்கள். விண்டோஸில் பல பிளக்-இன்கள் புரோகிராம் ஃபைல்ஸ், அடோபி, காமன், பிளக்-இன்ஸ், 7.0, மீடியாகோர் என்ற பொதுக் கோப்புறையில் சென்று அமர்கின்றன. பிரீமியரின் எல்லாப் பதிப்புகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. எனவே புதிய பிரீமியருக்காக ஒரு பிளக்-இன்னைப் புதுப்பித்தால், பழைய பிரீமியரில் இருக்கும் பாதி முடிந்த வேலையும் அந்தப் புதிய பிளக்-இன்னோடுதான் ஓட வேண்டும். பழையதைத் தொடாமல் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே ஒன்று மாறியிருக்கும். வேலை முடியும் வரை பிளக்-இன்களையும் அப்படியே விடுங்கள். அவற்றின் பழைய நிறுவல் கோப்புகளை ஒரு வெளி வட்டில் சேர்த்து வையுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரும் இதே வகைதான். புதிய பிரீமியர் திறக்கும்போது, உங்கள் டிரைவர் பழையது என்று எச்சரிக்கலாம். டிரைவர் கணினிக்கு ஒன்றுதான். அதை மாற்றினால் இரண்டு பதிப்புகளையும் அது பாதிக்கும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் விளையாட்டுக்கான டிரைவரை விட்டு 'ஸ்டூடியோ' டிரைவரைத் தேர்ந்தெடுப்பது எடிட்டிங் வேலைக்குப் பொருத்தமானது.

தமிழ் எழுத்துகளைத் தனியாகச் சோதியுங்கள்

தமிழில் டைட்டில் போடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் வர வேண்டும். பிரீமியரின் விருப்பங்களில் 'கிராஃபிக்ஸ்' பகுதியில் 'டெக்ஸ்ட் எஞ்சின்' என்ற அமைப்பு உண்டு. அது தெற்காசிய எழுத்துகளுக்கானதாக இருந்தால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் அமரும். புதிய பதிப்பைச் சுத்தமாகத் தொடங்கும்போது இந்த அமைப்பு இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கலாம். முதல் வேலையாக அதைச் சரிபாருங்கள்.

பழைய திருமணப் படங்கள் பலவற்றில் 'லெகசி டைட்டில்' கருவியில் செய்த பெயர்கள் இருக்கும். 2023 பதிப்பிலிருந்து அந்தக் கருவியே இல்லை. பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்தால் அந்த டைட்டில்கள் புதிய வகை கிராஃபிக்ஸாக மாற்றப்படுகின்றன. மாறும்போது எழுத்தின் அளவு, இடைவெளி, நிழல் எதுவும் நகரலாம். பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த எழுத்துரு விட்டுப்போனால் திரையில் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரிசைகட்டி நிற்கும். மணமகள் பெயர் பிழையோடு வெளியே போவதைவிட மோசமான தவறு இந்தத் தொழிலில் குறைவு. எனவே ஒவ்வொரு டைட்டிலையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

இதற்காகவே ஒரு சிறு சோதனை ப்ராஜெக்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கேமராவின் சில காட்சிகள், ஒரு பாட்டு, வழக்கமான பிளக்-இன்கள், கூட்டெழுத்துகள் நிறைந்த இரண்டு தமிழ் டைட்டில்கள், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இணைப்பு ஒன்று. புதிய பதிப்பு வந்ததும் இதன் நகலைத் திறந்து, ஓட்டிப் பார்த்து, ஏற்றுமதி செய்து, அந்த வீடியோவைப் பழைய பதிப்பில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். புதிய வசதிகளைப் பார்க்க ஆவலாக இருக்கிறது என்றால் பிரீமியரின் 'பீட்டா' எனும் சோதனைப் பதிப்பு தனிச் சின்னத்தோடு தனியாக நிறுவப்படுகிறது. அதில் விளையாடலாம், வாடிக்கையாளர் வேலையை அதில் வைக்கக் கூடாது.

டாவின்சி ரிசால்வ்

ரிசால்வின் போக்கு வேறு. புதியதை நிறுவினால் பழையதன் இடத்தில்தான் அமரும். பிரீமியர் போல் இரண்டையும் வைத்துக்கொள்ளும் வசதியை அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனம் தரவில்லை. அதோடு, ப்ராஜெக்ட்கள் கோப்புறையில் தனித்தனிக் கோப்புகளாக இல்லாமல் 'ப்ராஜெக்ட் லைப்ரரி' என்ற நூலகத்துக்குள் இருக்கின்றன. பழைய பதிப்புகளில் இதை 'டேட்டாபேஸ்' என்றார்கள்.

சில மேம்படுத்தல்களில் நூலகம் முழுவதுமே மாற்றப்பட்டுவிடும். பிறகு பழைய ரிசால்வ் அதைத் திறக்காது. வேறு சிலவற்றில் நூலகத்தை இரண்டு பதிப்புகளும் திறக்கும், ஆனால் புதியதில் ஒருமுறை திறந்த ப்ராஜெக்ட் மட்டும் பழையதற்கு எட்டாமல் போகும். 18.5-இலிருந்து 19-க்குப் போவது இந்த இரண்டாம் வகை. எதுவானாலும் தயாரிப்பு ஒன்றுதான். ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, பக்கவாட்டில் நூலகங்களின் பட்டியலை வரவழைத்து, உங்கள் நூலகத்தைத் தேர்ந்தெடுத்து 'பேக்கப்' கொடுங்கள். அந்தக் கோப்பு வேறு வட்டில் இருக்கட்டும். முக்கியமான ப்ராஜெக்ட்களைத் தனித்தனியாகவும் ஏற்றுமதி செய்யுங்கள். அது 'டிஆர்பி' கோப்பாக வரும். அதில் காட்சிகள் இருக்காது, எடிட் விவரம் மட்டுமே இருக்கும். காட்சிகளும் சேர்ந்து வேண்டுமென்றால் 'ஆர்க்கைவ்' செய்து 'டிஆர்ஏ' ஆக வைத்துக்கொள்ள வேண்டும்.

புதியதை நிறுவியதும் பழைய நூலகத்தை உடனே திறக்காதீர்கள். பேக்கப் கோப்பிலிருந்து 'ரிஸ்டோர்' செய்து, பதிப்பு எண்ணோடு புதிய பெயர் கொடுத்து, அந்த நகலை மட்டும் புதிய ரிசால்வில் பயன்படுத்துங்கள். மூலம் அப்படியே பழைய நிலையில் இருக்கும். திரும்பிப் போக நேர்ந்தால் புதியதை நீக்கிவிட்டு, பிளாக்மேஜிக்கின் உதவிப் பக்கத்தில் பழைய பதிப்பை எடுத்து நிறுவிக்கொள்ளலாம். பழைய பதிப்புகளை இந்நிறுவனம் தாராளமாகவே அங்கே வைத்திருக்கிறது. ஆனாலும் உங்கள் நிறுவல் கோப்பை நீங்களே பத்திரப்படுத்துவது நல்லது.

ஃபைனல் கட் ப்ரோ, கேடன்லைவ், கைப்பேசிச் செயலிகள்

ஃபைனல் கட் ப்ரோவுக்கு ஆப்பிளே வழி சொல்கிறது. ஆப் ஸ்டோரில் தானாகப் புதுப்பிப்பதை அணையுங்கள். அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் ஃபைனல் கட் ப்ரோவைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு சொடுக்கி, 'கம்ப்ரஸ்' செய்யுங்கள். அந்தச் சுருக்கிய கோப்பைப் பதிப்பு எண்ணிட்ட கோப்புறையில் வைத்துவிட்டுப் பிறகு புதுப்பியுங்கள். நூலகங்களின் நகலையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் புதியதில் திறந்த நூலகம் பழையதற்குத் திரும்பாது. மேக் இயங்குதளத்தையும் மறக்கக் கூடாது. 2011 ஜூனில் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தபோது, அது முந்தைய ஏழாம் பதிப்பின் ப்ராஜெக்ட்களைத் திறக்கவில்லை. அதனால் பலர் ஏழாம் பதிப்பையே விடாமல் வைத்திருந்தார்கள். 2017-இல் வந்த மேக்ஓஎஸ் ஹை சியராவில் அந்த ஏழாம் பதிப்பு ஓடவில்லை. மென்பொருளைப் பத்திரமாக வைத்திருந்தாலும் அதன் அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றினால் அது பயனற்றுப் போகலாம்.

கேடன்லைவ் போன்ற கட்டற்ற மென்பொருளில் இந்தக் கவலை குறைவு. லினக்ஸில் 'ஆப்இமேஜ்' என்ற ஒற்றைக் கோப்பாகக் கிடைப்பதால், எத்தனை பதிப்புகள் வேண்டுமோ அத்தனையையும் ஒரு கோப்புறையில் போட்டு வைக்கலாம். ப்ராஜெக்ட் கோப்பின் விதி இங்கேயும் அதேதான். கேடன்லைவ் 20.08-இல் கோப்பு வடிவம் மாறியதால், அதில் சேமித்ததை அதற்கு முந்தையவை திறக்கவில்லை.

கைப்பேசியில் எடிட் செய்கிறவர்களுக்கு வழி குறைவு, ஏனென்றால் பிளே ஸ்டோர் பழைய பதிப்பைத் திருப்பித் தருவதில்லை. செயலியின் பக்கத்தில் மூன்று புள்ளிகளை அழுத்தி, தானாகப் புதுப்பிப்பதற்கான குறியை எடுத்துவிட்டு, கையில் உள்ள வீடியோ முடிந்தபின் புதுப்பியுங்கள்.

தெரியாமல் மாற்றிவிட்டால்

பிரீமியரில் புதியதில் வேலை செய்துவிட்டீர்கள், பழையதற்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றால், டைம்லைனைத் தேர்ந்தெடுத்து ஃபைல் பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' வழியாக ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது எடிட் விவரங்களை வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய எழுத்து வடிவில், எடுங்கள். அதைப் பழைய பிரீமியரில் இறக்குமதி செய்யலாம். வெட்டுகளும் காட்சிகளின் வரிசையும் பெரும்பாலும் வந்துவிடும். எஃபெக்ட்கள், டைட்டில்கள், வண்ணத் திருத்தங்கள் பலவும் வராது. விடுபட்டவற்றைக் கையால் மீண்டும் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க, எக்ஸ்எம்எல் எடுப்பதற்கு முன் புதிய பதிப்பிலிருந்து முழுப் படத்தையும் ஒரு வீடியோவாக ஏற்றுமதி செய்து கொள்ளுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நிலைமை மேல். முந்தைய பதிப்புக்கான நகலாகச் சேமிக்கும் வசதி அதன் ஃபைல் பட்டியலிலேயே இருக்கிறது.

பிரீமியர் ப்ராஜெக்ட் கோப்பு என்பது சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல்தான். அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பதிப்பு எண்ணை மாற்றி, பழையதில் திறக்க வைக்கும் உத்தி ஒன்று உலவுகிறது. இதைச் செய்து தருவதாகச் சொல்லும் தளங்களும் உண்டு. வேறு வழியே இல்லாதபோது, நகலின் மேல், உங்கள் கணினியிலேயே முயன்று பார்க்கலாம். முன்பின் தெரியாத தளத்தில் வாடிக்கையாளரின் ப்ராஜெக்ட்டை ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

பழையதை எப்போது நீக்கலாம்?

அந்தப் பதிப்பில் தொடங்கிய கடைசி வேலையை ஒப்படைத்து, திருத்தங்களும் முடிந்து, பணமும் வந்தபின். அதற்கு முன் ஒவ்வொரு வேலைக்கும் உயர்தர மாஸ்டர் வீடியோ ஒன்றும், எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றும் எடுத்து வையுங்கள். பிரீமியரின் 'ப்ராஜெக்ட் மேனேஜர்' மூலம் பயன்படுத்திய காட்சிகளையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய பதிப்புகளுக்கு மேல் கிடைக்காது என்பதால், மீண்டும் தேவைப்படக்கூடிய பழைய ப்ராஜெக்ட்களைப் புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து, மாற்றிய நகலையும் மூலத்தின் பக்கத்திலேயே சேமித்துவிடுங்கள். பிறகு அதே ஆண்டின் பிரீமியர், மீடியா என்கோடர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மூன்றையும் கிரியேட்டிவ் கிளவுட் வழியாகவே நீக்குங்கள். கோப்புறையை நேரடியாக அழிக்க வேண்டாம். நீக்கும்போது உங்கள் விருப்ப அமைப்புகளை வைத்திருக்கலாமா என்று கேட்கும். வைத்திருக்கச் சொல்லுங்கள், என்றாவது அதே பதிப்பை மீண்டும் நிறுவ நேர்ந்தால் அவை உதவும்.